மணிக்கு நூற்றைம்பது

கீழமாரட் வீதியில் சின்ன வெங்காயம் உரித்தால்
கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபாய்.
மேலப்பொன்னகரத்து மாடியறையில் படுத்திருந்தால்
மணிக்கு நூற்றைம்பது.
கணக்குப் புரியவில்லை.
புரியாத கணக்கில் கை நீட்டியது அதுதான் முதல் முறை.

முதல் நாள் ஜமுக்காளத்தில்
முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.
ஜெபநேசன் சார் பிரஷ்ஷைக் கழுவியபடி சொன்னார்:
“படுங்கம்மா.
பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி இல்ல,
ஊர் வந்து சேந்த மாதிரி.”

சேலையோடுதான்.
கேட்பவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.
அதற்குப் பிறகும் கேட்பவர்களுக்குப் பதில் இல்லை.

படுத்தேன். உடம்பு நம்பவில்லை.
கால் கட்டைவிரல் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தது.
அரைமணி கழித்து இடுப்பு இறங்கியது,
அப்புறம் தோள்,
கடைசியில் தாடை.
இத்தனை வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது
அது விட்டபோதுதான் தெரிந்தது.

தூங்கிவிட்டேன். அதற்கும் காசு கொடுத்தார்.

விழித்தபோது துணியில் ஒருத்தி.
தொடை பச்சை.
வயிறு ஆரஞ்சு, லாரியில் அடிபட்டு வந்த பப்பாளி போல.
முகம் இருக்கவேண்டிய இடத்தில்
வெங்காயச் சருகின் நிறத்தில் ஒரே ஒரு இழுப்பு.
“நான் பச்சையா இல்லையே சார்?”
“இங்கருந்து பாத்தா இருக்கீங்க.”
அவர் டீ வாங்கப் போனபோது
அவர் நிற்கும் இடத்தில் போய் நின்று பார்த்தேன்.
காலி ஜமுக்காளம்தான் தெரிந்தது.

தல்லாகுளத்தில் ஒரு மண்டபத்து மாடியில் மாட்டியிருந்தார்கள்.
செருப்பைக் கழற்றினேன்.
வேண்டாம் என்றார் வாட்ச்மேன்.
படுத்திருக்கும் பெண், எண் 4.
படுத்திருக்கும் பெண், எண் 7.
கீழே சார் பெயர், அதற்குக் கீழே விலை.
வெங்காயமாக மாற்றிப் பார்த்தேன்:
ஏழாம் எண்ணுக்கு நாலு டன் உரிக்கவேண்டும்.

ஆறாம் வகுப்பில் கீழவளவு கூட்டிப்போனார்கள்.
பாறையில் வழவழவென்று சமணர் படுக்கைகள்.
வெட்டிக் கொடுத்தவர் பேர் கல்லில் இருக்கிறது என்றார் டீச்சர்.
படுத்தவர் பேர் என்ன டீச்சர் என்று கேட்டது
நானா, பக்கத்தில் நின்ற லூர்துமேரியா,
நினைவில்லை.

கண்ணாடி போட்ட ஒருவர் மனைவியிடம் சொன்னார்:
“யானைமலை மாதிரி இருக்குல்ல?”
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
நான் ஒத்தக்கடை.
நாலரை மணி பஸ்ஸில் தினம் அதன் ஓரமாகத்தான் போகிறேன்.
எந்தக் காலத்திலிருந்தோ படுத்துக்கிடக்கிறது,
பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க.
உடம்புக்கு என்ன என்று யாரும் கேட்டதில்லை.
விளக்கு வைக்கும் நேரம், எந்திரி,
வீடு விளங்குமா என்று
ஒருத்தரும் அதட்டியதில்லை அந்த யானையை.

பையில் பேனா இருந்தது.
ஏழாம் எண்ணுக்குப் பக்கத்தில்
ராக்கு என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்.
எழுதவில்லை.
வாட்ச்மேன் நல்ல மனுசன், அவர் வேலை போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை. கரண்ட் இல்லை.
சோற்றை வடித்துவிட்டு
சிமெண்டுத் தரையில் படுத்தேன், கதவைச் சாத்தாமல்.
மட்டையோடு வந்து நின்றான் சின்னவன்.
“காய்ச்சலாம்மா?”
“இல்லடா.”
“பெறகு ஏன் படுத்திருக்க?”
“அங்கயே நில்லு. என் கால் என்ன கலர்ல இருக்கு, சொல்லு.”

மட்டையைச் சுவரில் சாய்த்தான்.
கூரை ஓட்டைக்குப் போட்ட தார்ப்பாய் வழியாக
வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.
ரொம்ப நேரம் பார்த்தான்,
பரீட்சையில் கடைசிக் கேள்வியைப் பார்ப்பதுபோல.
“இங்கருந்து லேசா பச்சை” என்றான்.
“முட்டிக்குக் கீழ தெரியல.”
கொஞ்சம் கழித்து, “பசிக்குது.”

“வடிச்சு வச்சிருக்கேன், போட்டுக்க” என்றேன்,
எழாமல்.